பெயர் எழுதப்படாத முகம்: ஷர்பத் குலா படத்தின் நிகழ்வு ஆய்வு

1985 ஜூன் மாத நேஷனல் ஜியாகிரஃபிக் இதழின் அட்டையில் ஒரு சிறுமியின் முகம் வெளியானது. கிழிசல் விழுந்த செந்நிற முக்காடு, பச்சைக் கண்கள், எதிரே நிற்பவரை நேராகப் பார்க்கும் பார்வை. கடந்த நூற்றாண்டில் மிக அதிகமானோர் பார்த்த புகைப்படங்களில் அதுவும் ஒன்று. எடுத்தவர் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஸ்டீவ் மெக்கரி. அவர் பெயர் அன்றே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. படத்தில் இருந்தவர் ஷர்பத் குலா என்பது 2002ஆம் ஆண்டில்தான் உலகுக்குத் தெரிந்தது. இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளில் அவர் ‘ஆப்கான் சிறுமி’ என்று மட்டுமே அழைக்கப்பட்டார்.

அந்தப் படத்தின் ஒளி, நிறம், கண்களின் ஈர்ப்பு பற்றி ஏராளமாக எழுதிவிட்டார்கள். இந்த ஆய்வு அதை எடுத்த முறையைப் பற்றியது. படம் எடுப்பதற்கு முன்னும் பின்னும் யார் யாரிடம் என்ன கேட்டார்கள், எதைக் கேட்காமல் விட்டார்கள், அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று வரிசையாகப் பார்க்கப் போகிறேன். மெக்கரியைக் குற்றக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கம் இல்லை. வெளிநாட்டுக்குப் போய், மொழி தெரியாத இடத்தில், அறிமுகமில்லாத மனிதரின் முகத்தைப் படமெடுக்கும் யாரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். பெரும்பாலான படங்களில் எடுக்கப்பட்டவருக்குப் பிறகு என்ன ஆயிற்று என்பது எடுத்தவருக்குத் தெரிவதே இல்லை. இங்கே முப்பத்தேழு ஆண்டு விளைவுகள் பதிவாகியிருக்கின்றன. இவ்வளவு முழுமையாகப் பதிவான இன்னொரு நிகழ்வை நான் அறியேன்.

கூடாரப் பள்ளி, 1984

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. அடுத்த சில ஆண்டுகளில் பாகிஸ்தானுக்குள் தஞ்சம் புகுந்த ஆப்கானியர் எண்ணிக்கை முப்பது லட்சத்தை நெருங்கியது. எல்லையை ஒட்டிய பெஷாவர் நகரைச் சுற்றி முகாம்கள் எழுந்தன. அவற்றில் ஒன்று நாசிர் பாக்.

மெக்கரி அந்தப் பகுதிக்குப் புதியவர் இல்லை. 1979இல், படையெடுப்புக்கு முன்பே, உள்ளூர் ஆடை அணிந்து கிளர்ச்சியாளர்களுடன் எல்லையைக் கடந்து உள்ளே போனவர். எடுத்த ஃபிலிம் சுருள்களை உடையில் தைத்து மறைத்து வெளியே கொண்டுவந்தார். அந்தப் பணிக்காக 1980இல் ராபர்ட் கேப்பா தங்கப் பதக்கம் பெற்றார். ஆப்கானிய மக்களின் துயரம் அவருக்கு நேரில் தெரியும். அவரை அவசரமாக வந்து படமெடுத்துப் போன சுற்றுலாப் பயணியாக நினைத்துவிட்டால் இந்த நிகழ்வே புரியாது. அனுபவமும் அக்கறையும் உள்ள ஒருவரின் கையில்தான் இது நடந்தது.

1984இல் நாசிர் பாக்கில் ஒரு கூடாரத்திலிருந்து பிள்ளைகளின் குரல் கேட்டது. அது பெண் குழந்தைகளுக்கான பள்ளி. மெக்கரி ஆசிரியையிடம் அனுமதி கேட்டார், கிடைத்தது. ஒரு மூலையில் இருந்த சிறுமியின் கண்களை உள்ளே போனதுமே கவனித்துவிட்டதாகப் பின்னாளில் சொன்னார். அவளுக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். கூச்சப்படுகிறாள் என்று தெரிந்ததால் முதலில் வேறு சிறுமிகளை எடுத்தார். அவர்களைப் பார்த்து அவளும் இணங்குவாள் என்பது கணக்கு. அது பலித்தது. சில பிரேம்கள்தான் எடுக்க முடிந்தது, அதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

கருவிகளையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவையும் இந்தக் கதையில் பங்கேற்கின்றன. நிக்கான் எஃப்எம்2 கேமரா, 105 மில்லிமீட்டர் லென்ஸ், கோடாக்ரோம் 64 ஃபிலிம். 105 என்பது முகத்துக்கென்றே பலரும் தேர்ந்தெடுக்கும் லென்ஸ். ஓரிரண்டு மீட்டர் தள்ளி நின்றே முகத்தைச் சட்டகம் முழுக்க நிரப்பலாம், பின்னணி கரைந்துவிடும். இந்தப் படத்திலும் பின்னால் மங்கிய பச்சையைத் தவிர ஒன்றுமில்லை. பள்ளி இல்லை, மற்ற மாணவிகள் இல்லை, முகாம் இல்லை. கோடாக்ரோம் 64 வேகம் குறைந்த ஃபிலிம். கூடாரத்துக்குள் வடிகட்டி வந்த ஒளியில் படம் கூர்மையாக விழ வேண்டுமானால் எடுக்கப்படுபவர் அசையாமல் இருக்க வேண்டும். அந்த ஃபிலிமைத் தனிப்பட்ட வேதிமுறை கொண்ட ஆய்வகத்தில்தான் கழுவ முடிந்தது. ஆகவே என்ன பதிவாகியிருக்கிறது என்பது அன்றைக்கு மெக்கரிக்கும் தெரியாது, சிறுமிக்கும் தெரியாது. அந்தப் படத்தைத் தன் கண்ணால் பார்க்க ஷர்பத் குலாவுக்கு 2002 ஜனவரி ஆகிவிட்டது.

அனுமதி யாருடையது

மெக்கரி அனுமதி கேட்டார் என்பது உண்மை. ஆனால் அந்த அனுமதி யாரிடமிருந்து யாருக்காக வந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

கொடுத்தவர் ஆசிரியை. கூடாரத்துக்குள் அதிகாரம் அவரிடம் இருந்தது. ஆசிரியை சரி என்றபின் மாணவி மாட்டேன் என்று சொல்ல முடியுமா? நம் ஊர்ப் பள்ளியில் தலைமையாசிரியர் ஒரு விருந்தினரை வகுப்புக்குள் அழைத்து வந்தால் எந்தப் பிள்ளை எழுந்து மறுக்கும்? அதுவும் அகதி முகாம். தலைக்கு மேலிருக்கும் கூடாரம், வாங்கும் உணவு, உட்கார்ந்து படிக்கும் பள்ளி எல்லாமே வெளியாட்கள் தந்தவை. வெளியிலிருந்து வந்த ஒருவர் கேட்கும்போது மறுப்பதற்கு அங்கே கூடுதல் துணிச்சல் வேண்டும்.

அவள் பிறந்த பஷ்தூன் சமூகத்தில் வயதுக்கு வரும் பெண் அந்நிய ஆண் முன் முகத்தை மறைப்பது வழக்கம். அந்த எல்லைக்கோட்டில் நின்ற வயது அவளுடையது. 2017இல் பிபிசிக்கு அளித்த பேட்டியில் ஷர்பத் குலா இதைத் தெளிவாகவே சொன்னார். படமெடுத்தது தனக்குப் பிடிக்கவில்லை என்றார். தங்கள் வழக்கத்தில் பெண்கள் படத்தில் வருவதில்லை, ஆனால் தனக்கு வேறு வழி இருக்கவில்லை என்றார். 2002இலும் அவர் நினைவில் இருந்தது கோபம்தான். படமெடுத்த ஆள் யாரோ எவரோ, அதற்குமுன் யாரும் அவரைப் படமெடுத்ததே இல்லை.

கைகளும் முக்காடும் முகத்தின் கீழ்ப் பாதியை மூடியிருக்க, கண்கள் மட்டும் தெரியும் ஒரு பிரேமும் அதே சந்திப்பில் எடுக்கப்பட்டது. அந்தப் பிரேம் கோபத்தின் நேரடிச் சான்று என்றே நான் கருதுகிறேன். வார்த்தையில் மறுக்க முடியாதவர் கையால் மறுத்தார். தெருவில் படமெடுக்கும் நாம் இதை அன்றாடம் பார்க்கிறோம். முகத்தைத் திருப்புதல், முந்தானையை இழுத்துக்கொள்ளுதல், செய்தித்தாளை உயர்த்திப் பிடித்தல். இவற்றைக் கூச்சம் என்று எழுதிவைத்துக்கொண்டு இன்னொரு முறை முயல்வது புகைப்படக்காரர்களின் பழக்கம். கூச்சம் என்றால் பேசிப் பேசிக் கரைக்கலாம் என்று தோன்றும். மறுப்பு என்றால் கேமராவை இறக்க வேண்டியிருக்கும். எது என்று முடிவு செய்யும் அதிகாரத்தை நாமே எடுத்துக்கொள்கிறோம்.

அட்டையில் நடந்தது

ஃபிலிம் அமெரிக்காவுக்குப் போனது. மேசையில் இரண்டு தேர்வுகள் இருந்தன: கை மறைத்த பிரேம், முழு முகம் தெரியும் பிரேம். மெக்கரி சொல்லும் விவரப்படி, இதழின் படத் தொகுப்பாளர் முழு முகப் படம் பார்ப்பவரை அதிகமாக உலுக்குகிறது என்று கருதி மற்றதையே விரும்பினார். இதழாசிரியர் பில் காரெட் இரண்டையும் பார்த்துவிட்டு முழு முகத்தை அட்டைக்கு எடுத்தார்.

தொழில்முறையில் காரெட்டின் தேர்வு சரி. அந்த அட்டையைத் தாண்டிப் போக யாராலும் முடியவில்லை. ஆனால் அந்த அறையில் இருந்தவர்களுக்கு அது இரு படங்களுக்கு இடையிலான தேர்வாக மட்டுமே இருந்தது. ஒன்று எடுக்கப்பட்டவரின் விருப்பத்தையும் பதிவு செய்த படம், மற்றது அதைக் கடந்து எடுக்கப்பட்ட படம் என்ற வேறுபாடு அங்கே பேசப்பட்டதாகத் தெரியவில்லை. பேச வேண்டியவர் அறையில் இல்லை, அவர் பெயரும் குறிப்பில் இல்லை.

அடுத்தது அட்டை வாசகம். அலைக்கழிக்கப்பட்ட அந்தக் கண்கள் ஓர் ஆப்கான் அகதியின் அச்சத்தைச் சொல்கின்றன என்னும் பொருளில் அது இருந்தது. லட்சக்கணக்கான வாசகர்கள் அந்த வரியின் வழியாகவே முகத்தைப் படித்தார்கள். எனக்கு இதில்தான் வருத்தம் மிகுதி. போரில் வீடு இழந்த குழந்தைக்கு அச்சம் இருந்திருக்கும், அதில் ஐயமில்லை. அந்த நொடியில் அந்தக் கண்களில் இருந்தது, அவர் வாய்மொழிப்படி, எதிரே கேமராவோடு நின்ற அந்நியர்மேல் கோபம். உலகமே போரின் சாட்சியாகப் பார்த்த பார்வை படமெடுப்பதையே எதிர்த்த பார்வையாகவும் இருந்திருக்கிறது. ஆசிரியை வழியாக ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்த வாசகம் வேறாக இருந்திருக்கும்.

முகபாவத்துக்கு விளக்கம் எழுதுவது பயணப் புகைப்படத்தில் மிகச் சாதாரணமாக நடக்கிறது. கடலை வெறிக்கும் கிழவர் ‘காலத்தை எண்ணுகிறார்’, சந்தையில் உட்கார்ந்திருக்கும் பெண் ‘வறுமையிலும் புன்னகைக்கிறார்’. மாமல்லபுரத்தில் சங்கு மாலை விற்கும் அம்மாவை வெளிநாட்டுப் பயணி ஒருவர் எடுத்து இப்படி எழுதினால் நமக்கு உடனே உறுத்தும். வேறு நாட்டில் கேமரா நம் கையில் இருக்கும்போது அந்த உறுத்தல் காணாமல் போகிறது.

பதினேழு ஆண்டுகள்

அட்டைப் படம் பெருகியது. சுவரொட்டி, அஞ்சலட்டை, புத்தக அட்டை, நிதி திரட்டும் விளம்பரம் என்று எங்கும் போனது. ‘ஆப்கான் மோனலிசா’ என்ற பட்டமும் வந்தது. அதே காலத்தில் ஷர்பத் குலா திருமணமாகி, தாயாகி, ஒரு குழந்தையைப் பறிகொடுத்து, மூன்று பெண் குழந்தைகளை வளர்த்தார். கணவர் ரொட்டிக் கடையில் வேலை செய்தார். 1990களில் ஆப்கானிஸ்தானுக்குத் திரும்பி மலைக் கிராமத்தில் வாழ்ந்தார். தன் முகம் உலகம் சுற்றுவது அவருக்குத் தெரியாது.

இதற்கு ஒரு முன்னோடி உண்டு. 1936 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் நிபோமோ பட்டாணித் தோட்ட முகாமில் டொரதியா லாங்கே ஒரு தாயைக் குழந்தைகளோடு படமெடுத்தார். 1930களில் அமெரிக்காவை வாட்டிய பொருளாதாரப் பெருமந்தத்தின் அடையாளமாகவே ஆகிவிட்ட படம் அது. அந்தப் பெண்ணின் பெயரையோ வரலாற்றையோ தான் கேட்கவில்லை என்று லாங்கே 1960இல் எழுதினார். பெயர் வெளிவந்தது 1978இல், ஒரு செய்தித்தாள் வழியாக. படத்தால் தனக்கு ஒரு காசு வரவில்லை, எடுக்காமலே இருந்திருக்கலாம் என்றார் அந்தத் தாய், ஃப்ளாரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன். நாற்பத்திரண்டு ஆண்டுகள் அவர் பெயரின்றி ஒரு நாட்டின் துயரத்துக்கு முகமாக இருந்தார். லாங்கேயும் அரசுப் பணிக்காக, நல்ல நோக்கத்துடன்தான் படமெடுத்தார்.

இரண்டு நிகழ்விலும் கேட்காமல் விட்டது ஒன்றுதான், பெயர். பெயரைக் கேட்க ஆகும் நேரம் அரை நிமிடம். முகவரி, பெரியவர் யார், எந்த ஊர் என்று கேட்க இன்னும் இரண்டு நிமிடம். அதை ஒரு துண்டுத்தாளில் எழுதி ஃபிலிம் சுருளோடு வைத்திருந்தால் 2002 தேடலுக்கே தேவை இருந்திருக்காது. இதழ் அச்சானதும் ஒரு பிரதியை முகாமுக்கு அனுப்பியிருக்க முடியும். முகாம் அதே இடத்தில்தான் இருந்தது.

கண்டுபிடித்தல், 2002

2001இல் அமெரிக்கப் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் போனபின் உலகின் கவனம் மறுபடி அங்கே திரும்பியது. 2002 ஜனவரியில் நேஷனல் ஜியாகிரஃபிக் தொலைக்காட்சிக் குழு மெக்கரியோடு நாசிர் பாக்குக்குப் போனது. முகாம் இடிக்கப்பட இருந்த நேரம். படத்தைக் கையில் வைத்துக்கொண்டு விசாரித்தார்கள். அது நான்தான் என்று சொன்னவர்களும் இருந்தார்கள், பொருந்தவில்லை. கடைசியில், சிறுவயதில் அதே முகாமில் வாழ்ந்த ஒருவர் அவரைத் தெரியும் என்றார். ஆப்கானிஸ்தானின் தோரா போரா மலைப் பகுதிக்குப் போய் அழைத்துவர அவருக்கு மூன்று நாள் ஆனது.

அடையாளத்தை உறுதி செய்ய அறிவியல் வந்தது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஜான் டாக்மன், கருவிழித் திரை அமைப்பைக் கொண்டு ஆளை அடையாளம் காணும் கணக்குமுறையை உருவாக்கியவர். ஒவ்வொருவரின் கருவிழிக் கோலமும் தனித்தன்மை உடையது, வயதானாலும் பெரிதாக மாறுவதில்லை. 1984 ஃபிலிமிலிருந்தும் 2002 படங்களிலிருந்தும் கருவிழிகளை எடுத்து ஒப்பிட்டு, இருவரும் ஒருவரே என்று அவர் முடிவு சொன்னார். எஃப்பிஐ தடயவியல் நிபுணர் ஒருவரும் முகத்தை ஒப்பிட்டு அதையே சொன்னார். பெயரைக் குறிக்காமல் விட்ட இடத்தை நிரப்ப இவ்வளவு பெரிய ஏற்பாடு தேவைப்பட்டது.

இம்முறை அணுகுமுறை மாறியிருந்தது என்பதைச் சொல்லாமல் விட்டால் அநீதி. குடும்பத்தின் சம்மதம் கேட்கப்பட்டது. முதலில் குழுவிலிருந்த பெண் ஒருவரே அவரைச் சந்தித்துப் படமெடுத்தார். கணவர் ஒப்புக்கொண்டபின்தான் மெக்கரி எடுத்தார். 2002 ஏப்ரல் இதழின் அட்டையில் அவர் முழு முகத்திரையுடன், 1985 படத்தைக் கையில் பிடித்தபடி இருந்தார். உள்ளே முகம் தெரிந்தது. அவர் பெயரில் சிறுமிகளின் கல்விக்காக ஒரு நிதி தொடங்கப்பட்டது. 2008இல் அது எல்லாக் குழந்தைகளுக்குமானதாக விரிந்தது. குடும்பத்தின் மருத்துவத்துக்கும் மெக்கா பயணத்துக்கும் இதழ் உதவியது.

1984இல் ஏன் இவற்றில் ஒன்றும் நடக்கவில்லை? 2002இல் அவர் புகழ்பெற்றவர், கதை உள்ளவர். 1984இல் அவர் முப்பது லட்சம் பேரில் ஒருவர். யாரிடம் மரியாதையாகச் சம்மதம் கேட்கிறோம் என்பது அவருடைய மதிப்பைப் பற்றி நாம் முன்கூட்டியே போட்டுவைத்திருக்கும் கணக்கைக் காட்டிக்கொடுக்கிறது.

புகழின் விலை

2014இல், மறுபடி பெஷாவரில் அகதியாக வாழ்ந்தபோது, அவர் ஷர்பத் பீபி என்ற பெயரில் குடிமக்களுக்கு மட்டுமே உரிய பாகிஸ்தான் தேசிய அடையாள அட்டை பெற்றிருந்தார். 2015 பிப்ரவரியில் செய்தித்தாள்கள் அதை வெளிப்படுத்தின. ஆயிரக்கணக்கான ஆப்கானிய அகதிகளிடம் இப்படி அட்டைகள் இருந்தன. அட்டை இல்லாமல் வீடு வாடகைக்கு எடுப்பதும், வங்கிக் கணக்குத் தொடங்குவதும், தொலைபேசி இணைப்பு பெறுவதும் கடினம். மற்றவர்களின் அட்டை செய்தியாகவில்லை. இவருடைய அட்டையில் இருந்த முகத்தை உலகமே அறிந்திருந்ததால் அது தலைப்புச் செய்தியானது.

2016 அக்டோபர் 26 அன்று அவர் பெஷாவரில் கைது செய்யப்பட்டார். கணவர் அதற்கு முன்பே ஹெபடைடிஸ் சி நோயால் இறந்திருந்தார். அதே நோய் அவருக்கும் இருந்தது. நீதிமன்றம் பதினைந்து நாள் சிறையும் 1,10,000 பாகிஸ்தான் ரூபாய் அபராதமும் விதித்து நாடுகடத்த உத்தரவிட்டது. நவம்பர் 9 அன்று பிள்ளைகளோடு எல்லையைக் கடந்தார். பாகிஸ்தான் அந்த ஆண்டில் லட்சக்கணக்கான ஆப்கானியர்களைத் திரும்பிப் போக நெருக்கிக்கொண்டிருந்தது. கைதான நிலையில் எடுத்த அவர் படமும் உலகச் செய்தித்தாள்கள் பலவற்றிலும் வந்தது, பழைய அட்டையின் பக்கத்திலேயே. அதற்கும் யாரும் அவரைக் கேட்டிருக்கப்போவதில்லை.

காபூலில் அதிபர் அஷ்ரஃப் கனி அவரை வரவேற்றார். 2017 டிசம்பரில் அரசு அவருக்கு ஒரு வீடும் மாத உதவித்தொகையும் கொடுத்தது. இதுவும் அந்த முகத்தால் வந்ததே. 2021 ஆகஸ்ட்டில் தாலிபான்கள் காபூலைப் பிடித்தபின் அவர் வெளியேற உதவி கேட்டார். நவம்பரில் இத்தாலிய அரசு அவரை ரோமுக்கு அழைத்து வந்ததாக அறிவித்தது.

வரவும் செலவும் எழுதினால் இப்படி இருக்கிறது. படம் அவரைச் சிறைக்கு அனுப்பியது, படம் அவரைக் காபூலிலிருந்து மீட்டது. 2017 பேட்டியில் அவரே இரண்டையும் சொன்னார். நன்மையைவிடத் தொல்லையே அதிகம் தந்தது, சிறைக்கும் கொண்டுபோனது என்றவர், இப்போது அது தனக்குத் தந்த மதிப்பில் மகிழ்கிறேன் என்றும், அதனால் விதவைகளுக்கும் அனாதைகளுக்கும் உதவி போனது நல்லது என்றும் சேர்த்துச் சொன்னார். அவரே இப்படிச் சொல்லும்போது, அவர் சார்பில் நான் தீர்ப்பு எழுதுவது முறையாகாது. என் கேள்வி சிறியது. இந்த வரவிலோ செலவிலோ ஒன்றையாவது அவர் தேர்ந்தெடுத்தாரா? 2002 வரை எதையும் இல்லை. 2012இல் கிறிஸ்டீஸ் ஏலத்தில் இந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்று 1,78,900 டாலருக்கு விலைபோனபோது அவர் பெஷாவரில் அகதியாக இருந்தார்.

சட்டம் எவ்வளவு தூரம் வரும்

பொது இடத்தில் எடுத்தால் யாரும் கேட்க முடியாது என்று பயணிகளில் பலர் நம்புகிறார்கள். அமெரிக்காவில் அது பெரும்பாலும் உண்மை. டைம்ஸ் சதுக்கத்தில் தெரியாமல் படமெடுக்கப்பட்ட ஒருவர் தன் மத நம்பிக்கைக்கு அது விரோதமானது என்று தொடுத்த வழக்கு, படம் கலைப்படைப்பு என்ற அடிப்படையில் 2006இல் நியூயார்க் நீதிமன்றத்தில் தள்ளுபடியானது. எல்லை தாண்டினால் நிலை வேறு. கனடாவின் கியூபெக் மாகாணத்தில், கட்டடப் படியில் உட்கார்ந்திருந்த பதினேழு வயதுப் பெண்ணின் படத்தைச் சம்மதமின்றி ஓர் இதழ் வெளியிட்டது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1998இல் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து 2,000 டாலர் இழப்பீட்டை உறுதி செய்தது. ஜெர்மனியில் 1907ஆம் ஆண்டுச் சட்டமே ஒருவரின் உருவத்தை வெளியிட அவர் சம்மதம் வேண்டும் என்கிறது. 1898இல் இறந்துகிடந்த, ஜெர்மனியின் முன்னாள் தலைமையமைச்சர் பிஸ்மார்க்கை இருவர் ரகசியமாகப் படமெடுத்த அவலத்திலிருந்து பிறந்த சட்டம் அது. ஹங்கேரியில் 2014 முதல் நடப்பிலிருக்கும் குடிமைச் சட்டம் எடுப்பதற்கே சம்மதம் கேட்கிறது.

இவற்றில் எதுவும் நாசிர் பாக் கூடாரத்துக்குள் வந்திருக்காது. வழக்குத் தொடுக்கப் பணமும் மொழியும் வேண்டும், முதலில் தன் படம் வெளிவந்தது என்ற செய்தியாவது தெரிய வேண்டும். சட்டத்தின் காப்பு மிகக் குறைவாக உள்ள இடத்தில்தான் பயணப் புகைப்படக்காரர்களுக்குப் பிடித்த முகங்கள் மிகுதியாகக் கிடைக்கின்றன. ஆகவே பொறுப்பு முழுக்க எடுப்பவர் கையில் விழுகிறது.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்

அப்படியானால் அந்தப் படத்தையே எடுத்திருக்கக் கூடாதா என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. எடுத்திருக்க வேண்டும் என்பதே என் பதில். அந்த அகதிகளை உலகம் பார்க்க வேண்டியிருந்தது, முகம் இல்லாமல் எண்ணிக்கை யாரையும் அசைக்காது. ஆசிரியையிடம் பேசி முடித்தபின் சிறுமியிடமும், முகாமில் அவளுடைய பெரியவர்களிடமும் கேட்டிருக்க வேண்டும். அவர்கள் வேண்டாம் என்றிருந்தால் அந்த அட்டை கிடைத்திருக்காது என்பதையும் ஏற்கத்தான் வேண்டும். அல்லது கை மறைத்த பிரேமே அட்டைக்குப் போயிருக்கும். அதுவும் பெரிய படம்தான் என்று அதைப் பார்த்த ஒவ்வொரு முறையும் எனக்குத் தோன்றுகிறது.

இன்று நம் கையில் 1984இல் இல்லாத வசதிகள் இருக்கின்றன. எடுத்த படத்தை அங்கேயே திரையில் காட்டலாம். நான் வெளிநாட்டில் தெருவில் படமெடுக்கும்போது கேமராவைத் தொங்கவிட்டு முதலில் வணக்கம் சொல்வேன், அதை அந்த ஊர் மொழியில் சொல்லக் கற்றுக்கொண்டே போவேன். சைகையில் கேட்பேன். தலையசைப்பு தெளிவாக இல்லையென்றால் அதை மறுப்பாகவே எடுத்துக்கொள்வேன். படம் எடுத்தபின் காட்டுவேன். பிடிக்கவில்லை என்றால் அவர் கண் முன்னாலேயே அழிப்பேன். பிடித்திருந்தால் என் குறிப்பேட்டை அவர் கையில் கொடுத்துப் பெயரை அவர் எழுத்திலேயே எழுதச் சொல்வேன், எழுதத் தெரியாதவரிடம் சொல்லச் சொல்லிக் கைபேசியில் பதிவு செய்வேன். வாட்ஸ்அப் எண் இருந்தால் அன்றிரவே படத்தை அனுப்பிவிடுவேன். எண் இல்லாதவர்களுக்காக உடனடி அச்சுத் தரும் சிறு கேமரா ஒன்று பையில் இருக்கும்.

பணம் கேட்பவர்களைப் பற்றி நிறையக் குறை சொல்கிறார்கள். எத்தியோப்பியாவின் ஓமோ பள்ளத்தாக்கில் முர்சி மக்கள் ஒவ்வொரு படத்துக்கும் காசு கேட்பதைப் பயணிகள் பேராசை என்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. தங்கள் முகத்துக்கு விலை இருக்கிறது என்பதைக் கேமராக்களின் வரிசையைப் பார்த்துத் தெரிந்துகொண்டவர்கள் அவர்கள். பேசிக் கொடுக்க விரும்பாதவர் எடுக்காமல் நகரலாம்.

வெளியீடு தனிக் கேள்வி. தெருவில் தலையசைத்தவர் தன் முகம் கண்காட்சிக்கோ விளம்பரத்துக்கோ போகும் என்று நினைத்துத் தலையசைப்பதில்லை. எங்கே போடப்போகிறேன் என்று சொல்லிவிட்டுக் கேட்டால் சிலர் பின்வாங்குகிறார்கள். அது அவர்கள் உரிமை. படத்தின் கீழ் எழுதுவதில் அவர் சொன்னதை மட்டும் எழுதுகிறேன். அவர் எதுவும் சொல்லவில்லை என்றால் இடமும் தேதியும் போதும். அகதி, ஆவணம் இல்லாதவர், அரசுக்கு அஞ்சி வாழ்பவர் என்று தெரிந்தால் பெயரை என் குறிப்பேட்டில் மட்டும் வைத்துக்கொண்டு முகத்தை வெளியிடாமல் இருக்கிறேன், பெஷாவரில் நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது. குழந்தைகளைப் பெற்றோர் அருகில் இல்லாமல் எடுப்பதில்லை, எடுத்த பிரதியைப் பெற்றோரிடமே கொடுத்துவிட்டு வருகிறேன்.